தெருவோர வெள்ளைப் பூவின் பெயர்

தம்பி,

இதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வாசித்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடதாசியில் எழுதித் தபாலில் போடுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று தெரியும். எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன். உன் கலியாணத்துக்கு இன்னும் நான்கு கிழமை இருக்கிறது. கலியாண வீட்டு அமளிக்குள் வைத்துக் கதைக்கக்கூடிய விஷயமில்லை இது. எல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்றும் யோசித்தேன். ஆனால் பிறகு, பிறகு என்று தள்ளியே இந்த வீட்டில் இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. இனியும் தள்ள எனக்கு மனமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீரா தனியாக வந்திருந்தாள். நீ வேலையில் நிற்பதாகச் சொன்னாள். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தவள், போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். உங்கள் கலியாண மண்டபத்தில் மேசைக்கு மேசை வைப்பதற்கு அவள் தெரிந்தெடுத்த பூ. மே மாதத்தில் இந்த லண்டனில் வேலியோரமும் ரயில் பாதையோரமும் இடுப்பளவு உயரத்துக்கு வளர்ந்து, குடை விரித்தாற்போல வெள்ளை வெளேரென்று நிற்குமே, அந்தப் பூ. "காட்டுல தானா வளர்ற பூதான் ஆன்ட்டி. எனக்கு அதான் பிடிச்சுது. ஆனா அவன்கிட்ட காட்டினதும் முகமே மாறிப்போச்சு. வேண்டாம்னு மட்டும் சொன்னான். ஏன்னு கேட்டா எழுந்து வெளிய போயிட்டான். ரெண்டு நாளா சரியா பேசவும் இல்ல. அலர்ஜியா, வேற ஏதாவதா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அது என்னால வந்தது பிள்ளை. அவன் சின்னனா இருக்கேக்க அந்தப் பூவால எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை. நீர் வேற பூவைப் பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கிப் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குப் போதவில்லை. உண்மையில் எனக்கும் போதவில்லை. வளர்ந்த மனிதன் ஒருவன், முப்பத்திரண்டு வயதில், ஒரு பழைய சண்டைக்காகப் பூவின் படத்தைக் கண்டு எழுந்து போவானா?

அந்தச் சண்டையை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இதுவரை நான் ஞாபகம் வைத்திருந்த விதத்தை முதலில் சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அக்கா, உன் அம்மா, போய் ஒரு வருடம் கழிந்து, ஆண்டுத்திவசமும் முடிந்திருந்தது. அக்காவின் புருஷனைக் கலியாணம் கட்டி, அக்காவின் குசினியில் நின்று சமைத்து, அக்காவின் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வந்தவள் நான். உனக்கு அப்போது ஒன்பது வயது. நீ என்னோடு நல்லாகத்தான் இருந்தாய். என் விசா அலுவலாகக் குரோய்டனுக்குப் போன நாளில், எனக்கு இங்கிலீஷ் போதாது என்று அப்பா உன்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கு அங்கால் இருந்த பெண் உன்னிடம், இவர் உனக்கு யார் என்று கேட்டபோது, "சித்தி" என்று தமிழிலேயே சொன்னாய். அப்படியென்றால் என்ன என்று அவள் கேட்க, கொஞ்சம் யோசித்து, "சின்ன அம்மா" என்று இங்கிலீஷில் விளக்கினாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டில் அப்பா உன்னிடம், "இனி இவவை அம்மா எண்டே கூப்பிடன்" என்று சொன்னபோது, நீ தலையை ஆட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டாய். "விடுங்கோ, அவனுக்கு விருப்பமான மாதிரிக் கூப்பிடட்டும்" என்று நான் சொன்னேன். வாயால் சொன்னேன். மனதுக்குள் அது குத்திக்கொண்டே கிடந்தது.

அடுத்த மே மாதம். அக்காவின் திவசத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. ஆர்ச்வே கோயிலுக்குப் போய்விட்டு, பழைய ரயில் பாதை வழியாக நடந்து வந்தேன். வழியெல்லாம் அந்தப் பூ. முதல் பார்வையில் கொத்தமல்லி பூத்து நிற்கிறது என்றே நினைத்தேன். அதே மாதிரி மெல்லிய இலை, அதே மாதிரிக் குடைகுடையாகப் பூ. நசுக்கி மணந்து பார்த்தால் மணம் மட்டும் வேறு. கை கொள்ளுமட்டும் பிடுங்கி வந்து, கண்ணாடி ஜக் ஒன்றில் தண்ணீர் விட்டு, அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். வடிவாக இருந்தது. நீ பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்றுகூட நினைத்தேன்.

நீ பள்ளிக்கூடத்தால் வந்தாய். பூவைக் கண்டதும் பையை அப்படியே விட்டாய். பாய்ந்துபோய் ஜக்கைத் தூக்க, அது கையால் வழுகி விழுந்து உடைந்தது. உடைந்த கண்ணாடியோடு சேர்த்துப் பூவை அள்ளிக்கொண்டு ஓடிப்போய், வாசற்கதவைத் திறந்து படியில் எறிந்தாய். உன் உள்ளங்கை வெட்டி இரத்தம் ஒழுகியது. "என்னடா செய்யிறாய்? உன்ர கொம்மாவுக்கு வைச்ச பூவடா அது" என்று கத்தினேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். மூச்சு வாங்க, விக்கி விக்கி, "நீங்களும் செத்துப்போ..." என்றாய். அவ்வளவுதான் வெளியில் வந்தது. மிச்சம் அழுகைக்குள் போய்விட்டது.

அந்த மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். 'நீங்களும் செத்துப்போங்கோ' என்று நீ சொன்னதாகவே என் காதில் விழுந்தது. அக்காவின் இடத்தில் வந்து நிற்கிறவள், அக்காவுக்குப் பூவும் வைக்கிறாளோ, இவளும் போய்த் தொலையட்டும் என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சாபம் போடுவதாக நினைத்தேன். உன்னை அறைந்தேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். இரத்தம் வழிகிற கையோடு நின்ற பிள்ளையை. அன்றைக்கு அப்பா வேலையால் வந்ததும், "அவன் என்னைச் சாகச் சொல்லுறான். நான் இனி இந்த வீட்டில என்னெண்டு இருக்கிறது?" என்று அழுதேன். அப்பா உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. சட்டனில் இருந்த என் அண்ணைக்கு, உன் மாமாவுக்கு, அப்பா போன் எடுத்தார். விடுமுறைக்குக் கொஞ்ச நாள் மாமா வீட்டில் நிற்கட்டும் என்று தொடங்கியது, இரண்டு வருடமாக நீண்டது.

உன் பையை நான்தான் அடுக்கினேன். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அடுக்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. கவலையும் இருந்ததுதான், ஆனால் ஆறுதல் கூட இருந்தது. வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்ற நீ, நிமிர்ந்து பார்க்காமல், "சித்தி, அந்தப் பூ எல்லாம் எறிஞ்சாச்சா? ஒண்டும் வீட்டுக்குள்ள இல்லைத்தானே?" என்று கேட்டாய். "உனக்கு இப்பவும் அதுதான் கதையா? எறிஞ்சாச்சு, போ" என்றேன். சட்டனிலிருந்து ஞாயிறுதோறும் போன் எடுப்பாய். முதலில் என்னைக் கேட்பாய். "சுகமா இருக்கிறீங்களா சித்தி?" என்பாய். ஓம் என்பேன். "காய்ச்சல் ஒண்டும் இல்லையா?" என்பாய். இல்லை என்பேன். உடனே போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்வாய். மரியாதைக்காகக் கேட்கச் சொல்லி அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மீரா வந்துபோன மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். பஸ்ஸுக்கு நடந்து போகையில் வேலியோரத்தில் அந்தப் பூ நின்றது. ஒரு கொத்தை ஒடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இத்தனை வருடம் என்னோடு பகையாக இருந்த பூவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். கேட்பதற்கு ஆள் இருந்தது. எங்கள் முதியோர் இல்லத்தில் எடித் என்று ஒரு மனுசி இருக்கிறார். தொண்ணூற்று மூன்று வயது. கைவிரல் எல்லாம் மடங்கிப் போய்விட்டது, மனம் மட்டும் தெளிவு. கிழக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்து, கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். யன்னலுக்கு வெளியே முளைக்கிற ஒவ்வொரு புல்லுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருக்கும்.

முகம் கழுவி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்திவிட்டு, பூவை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கௌ பார்ஸ்லி என்றார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்கள் வந்தன. சிலர் இதை ஆன் ராணியின் லேஸ் என்பார்களாம். முயல் தின்பதால் முயல் சாப்பாடு என்பார்களாம். காய்ந்த தண்டுக்கு கெக் என்று பெயராம். உள்ளே வெறுமையாக இருக்கும் தண்டை வெட்டி, அதற்குள் பட்டாணி வைத்து ஊதி அவருடைய தம்பி கோழிகளைக் கலைப்பானாம். இலையைக் கசக்கிக் கையில் பூசினால் நுளம்பு கடிக்காது என்றும், கம்பளி நூலுக்கு இதில் ஒரு வெளிர்பச்சைச் சாயம் எடுக்கலாம் என்றும் சொன்னார். நன்றாக அடையாளம் தெரிந்தவர்கள் மட்டும் இளம் இலையைச் சூப்புக்குள் போடுவார்களாம். இன்னொரு பெயரும் சொன்னார், சிரித்துக்கொண்டே: சிற்றன்னையின் ஆசி. நான் யாருக்குச் சிற்றன்னை என்று அவருக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்து அவருடைய காலுறையைச் சரி செய்தேன்.

"ஆனால் இதை நீ உள்ளே கொண்டுவந்திருக்கக் கூடாது, பிள்ளை" என்றார் பிறகு. "என் அம்மா கண்டால் கரண்டியோடு அடிக்க வந்திருப்பாள். எங்கள் பக்கத்தில் இதற்கு உண்மையான பெயர் மதர்-டை."

எனக்கு இங்கிலீஷ் இப்போது நன்றாகவே விளங்கும். இருந்தும் திரும்பச் சொல்லச் சொன்னேன். "அம்மா செத்துப்போ" என்று அதற்கு அர்த்தம். "வீட்டுக்குள் கொண்டுவந்த பிள்ளையின் அம்மா செத்துவிடுவாள்" என்றார். "ஏன் அப்படி ஒரு கதை?" என்று கேட்டேன். இதைப் போலவே வெள்ளைப் பூப் பூக்கும் இன்னொரு செடி இருக்கிறதாம். தண்டில் ஊதாப் புள்ளிகள் இருக்கும். கடும் நஞ்சு. "எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியுமா? நீ சாவாய் என்றால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். அம்மா சாவாள் என்றால் தொடவே மாட்டார்கள். அம்மாமார் பிள்ளைகளைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது" என்றார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்குமா? லண்டன் பிள்ளைகளுக்கு?"

"விளையாட்டு மைதானத்தில் எந்தக் கதையும் அழியாது. நான் சாப்பாடு போட்ட காலத்திலும் ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லிப் பயப்படுத்துவதைக் கேட்டிருக்கிறேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அடுக்கி வைத்த துவாய்களைப் பிடித்தபடி, நீ அன்று அரைகுறையில் விட்ட வசனத்தை இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் செத்துப்போவீங்கள். அதைத்தான் சொல்ல வந்தாய். என்னைச் சாகச் சொல்லவில்லை. நான் செத்துவிடுவேன் என்று பயந்து, கையை வெட்டிக்கொண்டு, அந்தப் பூவை வீட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினாய். என்னைக் காப்பாற்றிய பிள்ளையைத்தான் நான் அறைந்தேன்.

'நீங்களும்' என்று நீ சொன்னது அதற்குப் பிறகே எனக்கு உறைத்தது. அப்படியென்றால் முதலில் போனது யார்? உன் அம்மாவுக்கு நீ அந்தப் பூவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். பிறகு யாரோ, பள்ளிக்கூடத்திலோ தெருவிலோ, அதன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னபடியே அம்மா போய்விட்டாள். எட்டு வயதில் தொடங்கி இதை நீ தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாய், தம்பி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் யன்னலடியில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா போன பிறகு அவன் உங்களிட்ட ஏதும் பூவைப் பற்றிக் கேட்டவனோ?"

"ஒருநாள் கேட்டவன்" என்றார். "'அப்பா, நான் பூ கொண்டந்ததாலயா அம்மா செத்தவ?' எண்டு. எனக்கு என்ன பூ எண்டே விளங்கேல்லை. விசர்க் கதை கதையாமல் போய்ப் படி எண்டு சொல்லிப்போட்டன். பேந்து அவன் கேக்கேல்லை."

"எனக்கு நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே."

"அதில சொல்ல என்ன இருக்கு எண்டு நினைச்சன்." பேப்பரை மடித்து வைத்தார். "ஏன் இப்ப கேக்கிறாய்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சுகம் விசாரிக்கச் சொல்லி நீங்கள்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை. அவன் தானாக் கேட்டது" என்றார். கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அழுது நான் முன்பு கண்டதில்லை. அன்றும் அழுதார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று விட்டார்.

இனி நான் சொல்லப்போவது என் பிழைகளில் பெரியது. அறைந்ததைவிட, உன்னை அனுப்பியதைவிடப் பெரியது. அக்கா இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தாள், நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், தான் போன பிறகு நான் லண்டனுக்கு வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். 'ஊர் என்ன சொன்னாலும் நீ வா. இவருக்காக இல்லை, தம்பிக்காக' என்று. உயிரோடு இருக்கிற அக்கா தன் புருஷனைக் கட்டச் சொல்லித் தங்கைக்கு எழுதின கடிதத்தை நான் யாருக்குக் காட்டுவேன்? அக்கா கண்மூட முதலே நான் பெட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தேன் என்று சனம் கதைக்கும் என்று பயந்தேன். பிறகு அண்ணை அந்தக் கலியாணப் பேச்சைத் தொடங்கியபோது, எனக்கு ஒன்றும் தெரியாததுபோல் இருந்து சம்மதித்தேன். கடிதத்தைக் கூறைச் சேலை மடிப்புக்குள் வைத்து இங்கே கொண்டுவந்தேன். உன் அப்பாவுக்கும் காட்டவில்லை. நான்காம் பக்கத்தை மறைப்பதற்காக மற்ற மூன்று பக்கத்தையும் மறைத்துவிட்டேன். காலப்போக்கில் அவற்றில் என்ன இருந்தது என்பதையே மறந்துபோனேன்.

அப்பாவோடு கதைத்த அன்று இரவு அலுமாரியைத் திறந்து அதை எடுத்து வாசித்தேன். முதல் பக்கம் முழுக்க நோய். மாசி மாதத்திலேயே டொக்டர் அக்காவையும் அப்பாவையும் கூப்பிட்டு, ஈரலில் பரவிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, கோடை வரைக்கும் இருப்பது கஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். இதை நன்றாகக் கவனி, தம்பி. மாசியில். அந்த நேரம் இந்த நாட்டில் ஒரு மரத்தில் இலை இல்லை. நீ பூப் பிடுங்கியது சித்திரைக் கடைசியில். உன் அம்மாவின் நாள் எப்போதோ சொல்லப்பட்டுவிட்டது. அந்த வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் நீ. 'தம்பிக்குச் சொல்லேல்லை, சின்னப்பிள்ளை, ஏங்கிப்போவான்' என்று அக்கா எழுதியிருக்கிறாள். நீ ஏங்கிப்போவாய் என்று உனக்கு ஒருவரும் காரணம் சொல்லவில்லை. அதனால் நீயே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டாய்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் இது இருக்கிறது. அப்படியே பார்த்து எழுதுகிறேன். 'இண்டைக்குத் தம்பி பள்ளிக்கூடத்தால வரேக்க எனக்குப் பூ கொண்டந்தவன். எங்கட கொத்தமல்லிப் பூ மாதிரி. கை நிறைய. தண்டுக்குள்ள ஓட்டை இருக்குதாம், ஊதிக் காட்டினான், என்ர முகத்தில காத்து வந்துது. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்திட்டுது. இவர் கலியாணம் கட்டி இவ்வளவு நாளில ஒரு பூ வாங்கித் தந்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறன். கன நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் மருந்து இல்லாமல் ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டனான்.'

இந்த வரிகளைக் காட்டியிருந்தால், அன்றே, நீ பத்து வயதாக இருக்கும்போதே உன்னை மடியில் இருத்தி வாசித்துக் காட்டியிருந்தால், எவ்வளவு காலத்தை நான் உனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருப்பேன். என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தேன். அதற்கு நீ விலை கொடுத்தாய். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதிவிட்டு, அந்தச் சொல் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நீ புதுக் குடும்பம் தொடங்கப் போகிறாய். புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், வீட்டில் நடக்கிற கெட்டதை அவர்களுக்கு விளங்குகிற சொல்லில் சொல்லிவிடு. பிள்ளை அழுதால் அழட்டும், நீ பக்கத்தில் இரு. யாராவது ஒரு வசனத்தைத் தொடங்கி முடிக்க முடியாமல் நின்றால், நீ முடித்து வைக்காதே. பொறுத்துக்கொண்டு நில். கோபம் வந்த நேரத்தில் காது கேட்பது ஒருபோதும் முழுதாக இராது. மீராவிடம் இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அது உன்னுடையது. ஆனால் எழுந்து வெளியே போகாதே, தம்பி. அப்பாவும் நானும் எழுந்து எழுந்து போயே இவ்வளவும் நடந்தது. அவள் நல்ல பிள்ளை. நீ சொல்லாமல் விட்டதை என்னிடம் வந்து கேட்டாளே, அந்த அக்கறையை வீணாக்காதே.

பூவை மேசையில் வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உண்மை தெரிந்த உடனே பயம் போய்விடும் என்று நான் நம்பவில்லை. எனக்கே அந்தப் பூவைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர இரண்டு நாள் எடுத்தது. ஓம், கொண்டுவந்து அக்காவின் படத்தடியில் வைத்தேன். இன்று நாலாம் நாள். இதழ் எல்லாம் கொட்டி மேசையில் மா தூவினமாதிரிக் கிடக்கிறது. நான் வேலைக்குப் போய் வருகிறேன், சாப்பிடுகிறேன், எனக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. நீ கேட்க நினைப்பாய் என்று எழுதுகிறேன்.

மணவறையில் அம்மாவின் இடத்தில் சட்டன் மாமி நிற்க வேண்டும் என்று நீ சொன்னபோது எனக்கு நொந்தது. இப்போது நோகவில்லை. நீ அழுத இரவுகளில் எழும்பி வந்தது அவள்தான். அவளே நிற்கட்டும், அதுதான் முறை. அந்த இடத்தில் என்னை நிறுத்தாமல் விட்டதற்கு உனக்கு வேறு காரணமும், அந்தப் பழைய பயமும், இருந்திருக்குமோ என்று ஒரு எண்ணம் வருகிறது. அம்மா என்று கூப்பிட மறுத்ததற்கும் அதுவே காரணமோ என்று. உன் வாயால் சொன்னாலொழிய நான் அதை முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருமுறை உன் சொல்லை நானாக முடித்து வைத்தது போதும்.

அக்காவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கமும் இருக்கிறது, அப்பாவும் வாசித்துவிட்டார், இனி மறைக்க ஒன்றுமில்லை. அது உன்னுடையது, எனக்குத் திருப்பித் தர வேண்டாம். உன் அம்மாவின் எழுத்து வலது பக்கம் சரிந்திருக்கும், கடைசியில் கை நடுங்கியிருக்கிறது, வாசிக்கக் கஷ்டப்படுவாய். விளங்காத இடத்தில் போன் எடு, வேலையில் நின்றாலும் எடுப்பேன். முதல் பக்கத்தை இப்போது வாசிக்காதே. இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கு.

சித்தி